சாயும் படகு

நம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எட்டு நாட்களாக வரவில்லை. ஜுரமா, அம்மையா, அல்லது கணக்குப் பரீட்சை நெருங்கிவிட்டதா என்று வகுப்பில் விசாரித்தோம். அடுத்த பெஞ்சுக்காரன் எழுந்து நின்று விடை பகர்ந்தான்:

"சார், அவங்க அப்பாவோட படகு இடப்பக்கம் சாயுது சார்."

வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில், பிள்ளைகள் வராமைக்கு நாம் கேட்டறிந்த காரணங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு புராணமாகும். ஒரே பாட்டி மூன்று முறை காலமான சரித்திரங்களும் அதில் உண்டு. ஆனால் தகப்பனார் படகு சாய்வதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளையை அதுவரை நாம் கண்டதில்லை. ஆகவே, சனிக்கிழமை காலையில் அவனுடைய குப்பத்தை நோக்கிப் புறப்பட்டோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் என்று மீனவர் வாழும் குப்பங்கள் பல. அவற்றில் ஒன்று அது.

பழவேற்காட்டைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்லுவோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியையும் தாண்டி, நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே படுத்திருக்கிறது இந்த உப்புநீர் ஏரி. இந்தியாவில் இவ்வகை ஏரிகளுள் ஒடிசாவின் சில்கா முதலாவது, இது இரண்டாவது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்கோடி நம்முடையது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடந்து வங்கக் கடலை மறித்து நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் கட்டிய ஜெல்டிரியாக் கோட்டை இன்று மண்மேடாகவும் புதராகவும் போய்விட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் சிற்ப வேலைப்பாடு குன்றாமல் நிற்கின்றன. கோட்டை போய்க் கல்லறை மிஞ்சியதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு என்றாலும், இன்றைய விஷயம் அதுவல்ல.

ஏரியின் சராசரி ஆழம் சுமார் 1 மீட்டர்தான். "இடுப்பளவு தண்ணீரில் படகு சாய்ந்தால்தான் என்ன குடி முழுகிப்போகும்?" என்று பட்டணத்து அன்பர்கள் கேட்கலாம். சராசரி என்பது பள்ளத்தை மறைக்கும் ஒரு போர்வை. கால்வாய்த் தடங்களிலும், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்திலும் ஆழம் வேறு, நீரின் இழுப்பு வேறு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி, விடுமுறை நாளை உல்லாசமாகக் கழிக்க வந்து இங்கே படகேறியவர்களில் 22 பேர், படகு கவிழ்ந்து மாண்டார்கள். அன்று கரைக்கு வந்த உடல்களைத் தூக்கிய கைகள் இந்தக் குப்பங்களில் இன்னமும் வலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. படகு சாய்கிறது என்ற பேச்சை இவ்வூரில் எவரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை. வகுப்பில் சிரித்ததற்காக நாம் வெட்கப்பட்டது, அந்த மண்ணில் கால் வைத்த பிறகுதான்.

படகு கரையோரத்தில் கட்டியிருந்தது. கண்ணாடி நாரையும் பசையையும் சேர்த்து வார்த்த பைபர் படகு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பெருகிய வகை. பின்புறத்தில் டீசல் எஞ்சின். வலப்புற ஓரத்தில், கையில் ஒரு சரித்திரப் புத்தகத்தோடு, நம் மாணவன் உட்கார்ந்திருந்தான். நம்மைக் கண்டதும் மரியாதையாக எழுந்தான். எழுந்தவுடன் படகு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

"உட்காருடா, உட்காரு! சார் தப்பா நினைக்கமாட்டாரு" என்று தகப்பனார் கரையிலிருந்து கூவினார்.

விஷயம் நமக்கு அப்போதே விளங்கிவிட்டது. பையன் படகில் வேலை செய்யவில்லை, பாரமாக இருந்தான்.

தகப்பனார் வரலாற்றைச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன் புது எஞ்சின் வாங்கிப் பொருத்தினார். சில நாட்களில் படகு இடப்பக்கம் சற்றே தாழ்ந்தது. முதலில் வலையை வலப்பக்கம் மாற்றிப் போட்டார், சரியாயிற்று. நாலு நாள் கழித்து மறுபடியும் தாழ்ந்தது. ஐஸ் பெட்டியை மாற்றினார், சரியாயிற்று. மறுபடியும் தாழ்ந்தது. கருங்கல் இரண்டு வைத்தார். அலையில் படகு ஆடியபோது ஒரு கல் உருண்டு இடப்பக்கமே போய்ச் சேர்ந்து, படகைக் கவிழ்க்கப் பார்த்தது. "கல்லுக்கு அறிவில்லை சார். பையன்னா, சொன்ன இடத்துல இருப்பான்" என்றார்.

பிள்ளைகள் சொன்ன இடத்தில் இருப்பார்கள் என்ற கருத்தில் நமக்கு அனுபவ பூர்வமான ஆட்சேபம் உண்டு. ஆயினும் அதை அப்போது வெளியிடவில்லை. ஏனெனில் அவர் அடுத்தபடி சொன்ன செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. வருகிற வெள்ளிக்கிழமை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதற்காக, குழந்தை குட்டிகளோடு 15 பேர் அதே படகில் ஏரியைக் கடக்கப் போகிறார்களாம். "வலப்பக்கம் நாலு பேரை அதிகமா உட்கார வச்சா சரியாப் போயிடும் சார்" என்றார்.

இங்கே நேயர்களிடம் ஒரு சிறு பாடம் நடத்த அனுமதி கோருகிறோம். தொழிற்பழக்கம், மன்னிக்க வேண்டும்.

படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி அழுத்துவதாகக் கொள்ளலாம். தண்ணீர் படகை மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தத் தாங்குதலும், படகு நீரில் அமிழ்ந்துள்ள பகுதியின் நடுவே ஒரு புள்ளியில் நிகழ்வதாகக் கொள்ளலாம். படகு ஒருபக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக அமிழ்கிறது. ஆகவே தண்ணீரின் தாங்குதலும் அந்தப் பக்கம் நகர்ந்து, தாழ்ந்த பக்கத்தைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறது. படகு நிமிர்வதன் இரகசியம் இவ்வளவே. இதை முறையாகக் கணக்கிடும் வழியை, 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பூகே வெளியிட்டார். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அதைத் தஞ்சாவூர்ப் பொம்மை கற்றுக்கொடுக்கிறது. உருண்டை அடியில் பாரம் வைத்த அந்தப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறதல்லவா?

இப்போது பொம்மையின் இடுப்பில் ஒருபக்கமாகக் கொஞ்சம் களிமண்ணை அப்புங்கள். அது எழுந்து நிற்கும். ஆனால் எப்போதும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். இது முதல் வகைச் சாய்வு. களிமண்ணை எடுத்துவிட்டு, பொம்மையின் தலையில் ஒரு பெரிய உருண்டையாக வையுங்கள். இப்போது அது நேராக நிற்கவே நிற்காது. ஒரு சமயம் இடப்பக்கம் விழும். நிமிர்த்தினால் வலப்பக்கம் விழும். இது இரண்டாம் வகை. கரையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் "படகு சாய்கிறது" என்ற ஒரே காட்சிதான். ஆனால் முதல் வகைக்கு மருந்தாகும் எதிர்பாரம், இரண்டாம் வகைக்கு விஷமாகும்.

இதற்கு ஒரு கோரமான சாட்சி உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஆற்றில், 1915-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி காலை, 'ஈஸ்ட்லண்டு' என்ற கப்பலில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர்களும் குடும்பத்தினரும் உல்லாசப் பயணத்துக்காக ஏறினார்கள். 2,500-க்கு மேற்பட்ட கூட்டம். கப்பல் முதலில் கரைப்பக்கம் சாய்ந்தது. எஞ்சின் அறையில் இருந்தவர்கள் மறுபக்கத் தொட்டிகளில் நீரை விட்டு நிமிர்த்தினார்கள். அது நிமிர்ந்து, பிறகு ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. மீண்டும் சரிசெய்யப் பார்த்தார்கள். கப்பல் இப்படியும் அப்படியுமாக ஆடி, முடிவில், கரையில் கட்டிய கயிறு முழுவதும் அவிழாத நிலையிலேயே உருண்டுவிட்டது. 844 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிறவியிலேயே தலைக்கனம் கொண்டது. 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, உயிர்காப்புப் படகுகள் அதிகம் வேண்டும் என்ற கிளர்ச்சி எழுந்தது. அதன் பயனாக இதன் மேல்தட்டிலும் அம்மாதத் தொடக்கத்தில்தான் கூடுதல் படகுகளை ஏற்றியிருந்தார்கள். காப்பாற்ற வந்த பாரமே தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆகவே, சாய்வைக் கண்டவுடன் கல்லைத் தேடக்கூடாது. காரணத்தைத் தேட வேண்டும். இதை நாம் பையனின் தகப்பனாரிடம் சொன்னோம். அவர், "காரணம் அந்த எஞ்சின்தான் சார், வேறென்ன?" என்றார். ஊரார் சிலர், படகை இறக்கிய நாள் சரியில்லை என்றார்கள். வேறொருவர், கண் திருஷ்டி என்றார். கட்டிலைச் சுற்றி நிற்கும் உறவினர் ஆளுக்கொரு மருந்து சொல்வது போல் இருந்தது. வைத்தியர் செய்வதை நாம் செய்யத் தீர்மானித்தோம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் சோதித்து, தள்ளவேண்டியதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவது என்பதே அந்த முறை.

மறுநாள் விடியற்காலையில், காற்று எழும் முன்பாக, வேலையைத் தொடங்கினோம். முதலில் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினோம். இறுகிய கயிறே படகை ஒருபக்கம் இழுத்துப் பிடிப்பதுண்டு. சாய்வு மாறவில்லை. பிறகு, கோலை விட்டுப் படகைச் சுற்றி ஆழம் பார்த்தோம். இந்த ஏரியில் தண்ணீர் வற்றும் நேரத்தில் படகின் ஒரு விலா சேற்றுமேட்டின்மேல் உட்கார்ந்துவிடும். அதைச் சாய்வென்று எண்ணி ஏமாறுவது எளிது. எங்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தது. அதுவும் இல்லை.

மூன்றாவது சந்தேகம் எஞ்சின். எஞ்சின் விசிறியை ஒரு திசையில் சுழற்றும்போது, அதன் எதிர்விசை படகை மறுதிசையில் முறுக்கும். இது உண்மையே. ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் அந்த முறுக்கு நின்றுவிட வேண்டும். நம் படகோ, எஞ்சின் உறங்கும்போதும் சாய்ந்தே கிடந்தது. எஞ்சினின் எடை நடுவில் அமைந்ததா என்று நூல் பிடித்து அளந்தோம், அமைந்திருந்தது. தகப்பனார் சற்று ஏமாற்றம் அடைந்தார். பழியைச் சுமக்கப் புதிதாக வந்தவன் ஒருவன் இருந்தால் வீட்டில் அனைவருக்கும் சௌகரியம்.

நாலாவதாக, படகிலிருந்த வலை, ஐஸ் பெட்டி, நங்கூரம், டீசல் கேன், கயிறு எல்லாவற்றையும் கரையேற்றினோம். அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்தோம். தண்ணீர் கொஞ்சந்தான் என்றாலும், அதன் குணம் பொல்லாதது. குடத்தில் உள்ள தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோகலாம். அதே தண்ணீரைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு நடந்து பாருங்கள்! தாழ்ந்த பக்கம் ஓடி, அதை இன்னும் தாழ்த்தும். தாம்பாளத்தின் நடுவே ஒரு தடுப்பு வைத்தால் அந்த ஆட்டம் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெரிய படகுகளின் அடித்தளத்தை அறை அறையாகப் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இறைத்த நீரை நாவில் வைத்துப் பார்த்தோம்; உப்புக் கரித்தது. ஐஸ் உருகிய நீராயின் கரிக்காது. ஆகவே ஏரி எங்கேயோ உள்ளே வருகிறது என்று தெரிந்தது. மழைக்காலத்தில் ஏரி நீரே நன்னீராகிவிடுமாதலால் அப்போது இந்தப் பரீட்சை செல்லாது. நாம் சென்றது ஆவணி மாதம். ஏரி நன்றாக உப்பேறியிருந்தது.

படகு இப்போது வெறும் படகு. அப்படியும் இடப்பக்கமே சாய்ந்திருந்தது.

இனி அது எந்த வகைச் சாய்வு என்று பார்க்க வேண்டும். நாலு பேர் இறங்கி நின்று, படகை மெல்ல வலப்பக்கம் தாழ்த்திக் கையை விட்டோம். இந்தப் பரீட்சை புதிதன்று. ஸ்வீடன் தேசத்தில் 'வாசா' என்ற பெரிய போர்க்கப்பலைக் கட்டியபோது, 30 ஆட்களை மேல்தட்டில் ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடச் செய்து சோதித்தார்கள். மூன்று முறை ஓடியதும் கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அஞ்சிச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். அஞ்சியவர்கள் கப்பலை நிறுத்தவில்லை. 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி முதல் பயணத்திலேயே, சுமார் 1,300 மீட்டர் சென்றதும் அது ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிற்று. பரீட்சை வைப்பதோடு ஆசிரியர் கடமை முடிவதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து நடக்கவும் வேண்டும்.

நம் படகு வலப்பக்கம் நில்லாமல், உடனே திரும்பி இடப்பக்கமே வந்து நின்றது. தலைக்கனம் இல்லை, களிமண் அப்பிய பொம்மைதான். இடப்பக்கத்தில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஏதோ ஒரு பாரம் குடியிருக்கிறது. அது நாளுக்கு நாள் வளர்கிறது. இல்லாவிட்டால் வலையும் ஐஸ் பெட்டியும் கல்லும் பையனும் வரிசையாக ஏன் தேவைப்படுகின்றன?

அது எவ்வளவு பாரம் என்பதை அறியக் கருவி கையிலேயே இருந்தது. பள்ளிக்கூட உடற்பரிசோதனைக் குறிப்பின்படி நம் மாணவனின் எடை 40 கிலோ. அவனைப் படகில் ஏற்றி, படகு நேராகும்வரை வலப்பக்கமாக நகர்ந்து உட்காரச் சொன்னோம். படகின் நடுக்கோட்டிலிருந்து 75 சென்டிமீட்டர் தூரத்தில் அவன் உட்கார்ந்தபோது நேராயிற்று. 40-ஐ 75-ஆல் பெருக்க 3,000. தராசின் மறுதட்டிலும் 3,000 இருக்க வேண்டும். இடப்பக்க விலாவை ஒட்டிய அடைப்பறையின் மையம், நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். 3,000-ஐ 60-ஆல் வகுக்க 50. ஆக, அந்த அறையில் 50 கிலோ இருக்க வேண்டும்; தண்ணீரானால் 50 லிட்டர்!

கணக்கை மணலில் எழுதி முடித்ததும் நமக்கு ஒரு பெருமிதம் தோன்றியதை மறைப்பதற்கில்லை. ஆனால் தகப்பனார் தலையசைத்தார். "அந்த அறையில தண்ணி போகாது சார். மூடி வார்த்தது. உள்ளே நுரைக்கட்டி வச்சிருக்கு. படகு கவிழ்ந்தாலும் மிதக்கணும்னுதான்."

அப்போதுதான் பையனின் தாத்தா வந்தார். அவருடைய தகப்பனார், பக்கிங்ஹாம் கால்வாயில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்னைக்கு விறகு ஏற்றிச் சென்ற படகுகளில் வேலை பார்த்தவராம். பெரியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கி, கையிலிருந்த சிறு மரக்கட்டையால் படகின் வலப்பக்க விலாவை அணியத்திலிருந்து அமரம்வரை தட்டிக்கொண்டே போனார். தவுலைத் தட்டினாற்போல் ஒலித்தது. பிறகு இடப்பக்கம் வந்து தட்டினார். நடுவில் ஓரிடத்தில் ஒலி சட்டென்று அமுங்கிவிட்டது. பழுத்த பூசணிக்காயைத் தட்டியது போல் இருந்தது.

"மரப்படகு தண்ணி குடிச்சா கண்ணுக்குத் தெரியும், தம்பி. இது குடிக்கிறது தெரியாது" என்றார் நம்மிடம்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்தோம். இடப்பக்க அடிவிளிம்பில், மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று நாலு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. புது எஞ்சினைப் பொருத்துவதற்காகப் படகை மணலில் இழுத்தபோது சிப்பிப் படுகை எதிலோ உரசியிருக்க வேண்டும். எஞ்சின் நிரபராதி; அது வந்த அன்று நேர்ந்த அடிதான் குற்றவாளி. படகை நிமிர்த்தி, அறையின் தாழ்ந்த மூலையில் ஒரு துளை இட்டோம். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. 10 லிட்டர் வாளியில் பிடித்தோம். நாலு வாளி நிறைந்து, ஐந்தாவதில் கொஞ்சம் விழுந்து நின்றது. மிச்சம் எங்கே என்று நாம் மணற்கணக்கைப் பார்த்தபோது, தாத்தா, நீரில் ஊறிய நுரைக்கட்டியில் ஒரு துண்டைப் பெயர்த்து நம் கையில் கொடுத்தார். இட்டிலி ஊறிய சாம்பார் போல் கனத்தது. கணக்கும் அனுபவமும் ஒன்றையொன்று பார்த்துத் தலைவணங்கிய நேரம் அது.

பையனைக் கொண்டு படகை நிமிர்த்தியபோது என்ன நடந்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். இடப்பக்கம் 50 கிலோ, வலப்பக்கம் 40 கிலோ. ஆக 90 கிலோ வேண்டாத பாரம் ஏறியிருந்தது. படகு நேராகத் தெரிந்தது. உண்மையில் முன்னைவிட ஆழமாக அமிழ்ந்திருந்தது. வெடிப்பு இன்னும் கீழே போயிற்று. தண்ணீர் இன்னும் வேகமாகப் புகுந்தது. அந்த நிலையில் 15 பேரை ஏற்றி, நடு ஏரியில் ஒரு குழந்தை இந்தப் பக்கமும் அதைப் பிடிக்க நாலு பேர் அந்தப் பக்கமும் எழுந்து ஓடியிருந்தால்? தேக்கடி ஏரியில் 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்களே, அதற்கும், கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்க மேல்தட்டில் இருந்தோர் ஒரே பக்கம் திரண்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதைச் சொன்னபோது தகப்பனார் பேசவில்லை. சற்று நேரம் முகத்துவாரத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். 2011-இல் அவரும் இங்கேதான் இருந்தார்.

ஊறிய நுரைக்கட்டி முழுவதையும் எடுத்துவிட்டு, அறையை மூன்று நாள் வெயிலில் காயவிட்டார்கள். வெடிப்பின் இரு ஓரங்களையும் சுரண்டி, கண்ணாடி நாரும் ரெசினும் வைத்து அடைத்தார்கள். புது நுரைக்கட்டி வைத்தார்கள். நாம் இட்ட துளையை மூடிவிடாமல், அதற்கு ஒரு திருகு மூடி போட்டார் தாத்தா. மாதம் ஒருமுறை கரையில் அதைத் திறந்து பார்த்தால் படகு குடித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். காலேஜில் படித்த நமக்கு அந்த யோசனை தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை 15 பேரும் இரண்டு நடையாக, உயிர்காப்புச் சட்டை அணிந்து, தட்டில் கீழே உட்கார்ந்தபடி போய் வந்தார்கள். பொங்கல் நமக்கும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் வந்து சேர்ந்தது.

திரும்பி வரும் வழியில் நம் மனத்தை உறுத்தியது படகன்று. எத்தனை வீடுகளில் கடனோ, வியாதியோ, குடியோ ஒருபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து ஊறுகிறது! வீடு சாய்கிறது. பெரியவர்கள் மூலகாரணத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டிய பாரத்தைத் தூக்கி மறுபக்கம் வைக்கிறார்கள். கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரு குழந்தைதான். சொன்ன இடத்தில் அது உட்காருகிறது. வீடு நேராகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது.

திங்கட்கிழமை நம் மாணவன் வந்துவிட்டான். கணக்கு வகுப்பில் அவனைக் கொண்டே அந்த 40-ஐயும் 75-ஐயும் பலகையில் எழுதச் செய்தோம். முன்பு சிரித்த பிள்ளைகள் இப்போது சிரிக்கவில்லை, அடுத்த பெஞ்சுக்காரன் மட்டும், "சார், என்னை உட்கார வச்சா எவ்வளவு தூரம் வரும்?" என்று கேட்டான். அவன் எடை 50 கிலோ. 3,000-ஐ 50-ஆல் வகுத்து அவனையே விடை சொல்லச் சொன்னோம்; சரியாகச் சொன்னான்.

வருகைப் பதிவேட்டில், வராத நாட்களுக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அந்த எட்டு நாட்களுக்கு எதிரே 'ஜுரம்' என்று எழுதிவிட்டால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நாம், 'படகில் 50 லிட்டர் தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். தலைமையாசிரியர் இன்னும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.